பணம் கொடுத்தது யார் என்று ஊருக்குத் தெரிய வேண்டும்

மாநிலத் தேர்தல் ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவே, நண்டு வலையை நம்பிப் பிழைக்கும் ஊரிலிருந்து எழுதுகிறேன். போன வாரம் நண்டு எடை போட்டு முடிந்ததும், அடுத்த ஊராட்சித் தலைவர் தேர்தலில் யாரை நிறுத்தப் போகிறார் என்று வியாபாரி ஒருவர் தராசுப் பக்கத்தில் நின்றுகொண்டே சொன்னார். சுற்றி நின்றவர்கள் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. எனக்கு மனசு ஆறவில்லை.

2019 டிசம்பர் தேர்தலில் தலைவர் வேட்பாளருக்கு ஆணையம் வைத்த செலவு வரம்பு 34,000 ரூபாய். அதை மதித்து நின்றவர்களில் ஒருவர் எனக்குச் சித்தி முறை. வலையில் சிக்கிய நண்டைக் கால் ஒடியாமல் கழற்றிக் கொடுக்கும் கூலி வேலை அவருக்கு. நோட்டீஸ் அடித்த ரசீது, ஆட்டோ வாடகை, டீக்கடைச் சீட்டு என எல்லாவற்றையும் மஞ்சப்பையில் சேர்த்து வைத்துக் கணக்குக் கொடுத்தார். எதிரே நின்றவருக்காக, வாக்குப்பதிவுக்கு முதல் நாள் ராத்திரி வீடு வீடாகக் கவர் வந்தது. வாங்கியவர்களைச் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னார்கள். ஒரு பறக்கும் படையும் எட்டிப் பார்க்கவில்லை. எதிரே நின்றவரின் கணக்கும் கேள்வி இல்லாமல் ஏற்கப்பட்டது.

கவருக்குப் பணம் போட்டவர் யாரென்று ஊருக்கே தெரியும். வலைக்கும் இன்ஜினுக்கும் முன்பணம் கொடுத்திருப்பவர். முன்பணம் வாங்கிய வீடு வேறு ஆளுக்கு நண்டு போட முடியாது; அவர் சொல்வதுதான் விலை. இப்போது ஓட்டையும் அதே பற்று நோட்டில் எழுதிக்கொண்டார். தேர்தல் முடிந்த கையோடு, வள்ளம் ஏற்றி வைக்கும் மணல்மேட்டில் அவருடைய நண்டு அவிக்கும் கொட்டகை எழும்பியது. அதன் கழிவுத் தண்ணீர் ஊற்றுப் பக்கம் ஓடுகிறது. மணலைத் தோண்டி, கசிந்து வரும் தண்ணீரைக் கொட்டாங்கச்சியால் மொண்டு பெண்கள் குடம் நிரப்பும் இடம் அது. இப்போது அந்தத் தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை. ஊராட்சியில் கேட்டபோது, "பார்க்கலாம்" என்றார்கள். கொட்டகைக்காரர் பணத்தில் ஜெயித்தவர் கொட்டகையை எப்படி அகற்றியிருப்பார்?

ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. அதனால் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கக்கூட ஆளில்லை. வேட்பாளருக்குப் பணம் கொடுத்தது யார், எவ்வளவு என்பதையும் கணக்கில் எழுதச் செய்யுங்கள். அதை வாக்குப்பதிவுக்கு முன்பே ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள்.

மேலே போனாலும் இதே நிலைதான். நாடாளுமன்ற வேட்பாளருக்கு 95 லட்சம், சட்டமன்ற வேட்பாளருக்கு 40 லட்சம் என்று வரம்பு வைத்துவிட்டு, கட்சிகள் செய்யும் செலவுக்கு வரம்பே வைக்கவில்லை. பணப் பட்டுவாடாவால் 2017-ல் ஆர்.கே. நகரிலும் 2019-ல் வேலூரிலும் தேர்தலையே ரத்து செய்தார்கள். அதற்குப் பிறகாவது கவர் நின்றதா? இவையெல்லாம் உங்கள் அதிகாரத்தில் இல்லை என்று தெரியும். ஆனால், பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்குப் பணம் கொடுக்க வழி செய்த தேர்தல் பத்திரத் திட்டத்தை 2024 பிப்ரவரி 15-ல் ரத்து செய்த உச்ச நீதிமன்றம், கட்சிக்குப் பணம் தருவது யார் என்று அறிவது வாக்காளரின் உரிமை என்றது. அந்த உரிமை எங்கள் ஊர் வாக்காளருக்கும் வேண்டும்.

சித்தி மறுபடி நிற்கலாமா என்று யோசிக்கிறார். அடுத்த தேர்தல் அறிவிப்பு வருவதற்கு முன்பே, பணம் கொடுத்தவர் பெயரோடு கணக்கை ஊரறிய ஒட்ட உத்தரவிடுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கடலோர ஊராட்சி வாக்காளர் ஒருவர்
இராமநாதபுரம் மாவட்டம்