நாரியில் போடும் ஊசியைப் பற்றி முன்கூட்டியே சொல்லுங்கள்

யாழ்ப்பாண மாவட்டத்துச் சுகாதார வைத்திய அதிகாரிகளுக்கும், கிளினிக்கில் எங்களைப் பார்க்கும் குடும்பநல உத்தியோகத்தர்களுக்கும்,

வணக்கம். என் தங்கைக்கு இப்போது ஏழு மாதம். இரட்டைப் பிள்ளைகள் என்பதால் சிசேரியனாக இருக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்கு உடம்பின் கீழ்ப்பாதி விறைக்க நாரியில், அதாவது கீழ் முதுகில், ஊசி போடுவார்கள். போன கிழமை அவள் கேட்டாள்: "அக்கா, நாரியில ஊசி போட்டா பிறகு குனிஞ்சு ஒரு வேலையும் செய்யேலாதாமே? முழுசா மயக்கச் சொல்லிக் கேக்கட்டே?" மாமி சொன்னாவாம். மாமிக்கு யாரோ சொன்னதாம்.

கிளினிக்கில் நிறை, பிரஷர், சீனி எல்லாம் பார்க்கிறீர்கள். இரும்புச்சத்துக் குளிசை குடித்தோமா என்று வீடு தேடி வந்தும் கேட்கிறீர்கள். அந்த அக்கறையை நாங்கள் மறக்கவில்லை. ஆனால் மயக்க மருந்தைப் பற்றி மட்டும் எனக்கும் யாரும் சொல்லவில்லை, அவளுக்கும் இதுவரை சொல்லவில்லை.

ஆறு வருசத்துக்கு முன் எனக்கு நோக்கண்ட பிறகுதான் சிசேரியன் என்று முடிவெடுத்தார்கள். நோவுக்குள் படிவத்தை நீட்டினார்கள். வாசிக்காமலே கையெழுத்து வைத்தேன். ஊசி போட்டுக் கொஞ்ச நேரத்தில் கால் இரண்டும் விறைத்துப்போயின. இனி நடக்கவே மாட்டேன் என்று நினைத்தேன். வயிற்றுக்குள் இழுப்பது தெரிந்தபோது மருந்து பிடிக்கவில்லை என்று பதறினேன். நோ தெரியாது, ஆனால் தொடுவதும் இழுப்பதும் தெரியும் என்று ஒருவர் முன்பே சொல்லியிருந்தால் போதும். பிரஷர் இறங்கி ஓங்காளித்தது, உடம்பு நடுங்கியது. இவை அடிக்கடி வருவன, உடனே மருந்து கொடுப்பார்கள் என்பதும் தெரியாது. சாகப்போகிறேன் என்ற நினைப்போடுதான் மகளின் முதல் அழுகையைக் கேட்டேன். அந்த நிமிசம் எனக்குத் திரும்பக் கிடைக்காது.

பிறகு நானே கேட்டுத் தெரிந்துகொண்டேன். முள்ளந்தண்டுக்குள் இருக்கும் நரம்புத்தண்டு பெரியவர்களுக்கு நாரியின் மேல்பகுதியிலேயே முடிந்துவிடும். ஊசி அதற்குக் கீழே போகிறது. அந்த ஊசியால் நாட்பட்ட நாரி நோ வருவதாக ஆய்வுகள் காட்டவில்லை. பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு ஊசி போடாதவர்களுக்கும் நாரி நோகிறது. முழு மயக்கத்தில்தான் பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆபத்து கொஞ்சம் கூட. மூச்சுக்குழாய்க்குள் குழாய் விடுவது கடினம், இரைப்பையில் உள்ள சாப்பாடு மேலேறி நுரையீரலுக்குள்ளும் போகலாம். சிசேரியனுக்கு முன் ஆறு மணித்தியாலம் சாப்பிடவேண்டாம் என்பது இதற்காகத்தான். "பசியோட எப்பிடித் தாங்குவாள்" என்று ஒளித்துச் சோறு கொடுக்கும் அம்மாக்களுக்கு இந்தக் காரணம் தெரியவேண்டும். இரத்தம் உறையாத பிரச்சினை போன்றவை இருந்தால் முழு மயக்கம்தான் சரி என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

தலையிடி விசயமும் அப்படித்தான். சிலருக்கு ஊசிக்குப் பிறகு, எழும்பி இருந்தால் கூடி, படுத்தால் குறையும் தலையிடி வரும். அதற்கு வைத்தியம் இருக்கிறது. எங்கள் வீடுகளிலோ குளிர் பிடித்துவிட்டது என்று தலையைக் கட்டிப் படுக்கவைத்துவிடுவார்கள்.

கேட்பது பெரிதில்லை. கர்ப்பிணித் தாய்மார் வகுப்பில் அரை மணித்தியாலம் இதற்கு ஒதுக்குங்கள். முடிந்தால் மயக்க மருந்து வைத்தியர் ஒருவரே வந்து எங்கள் தமிழில் கதைக்கட்டும். வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு தாள் தாருங்கள். கணவனையும் மாமியையும் கட்டாயம் கூப்பிடுங்கள். எங்கள் வீடுகளில் பயம் அவர்கள் வாயால்தான் வருகிறது, அது போவதும் அவர்கள் கேட்டால்தான்.

தங்கைக்கு அடுத்த கிளினிக் வாற மாதம். மாமியையும் கூட்டிக்கொண்டு வருகிறோம்.

ஒரு தாய்,
யாழ்ப்பாணம்