மலை ரயிலைத் தாங்கும் மண்ணுக்காக: தெற்கு ரயில்வேக்கு ஒரு திறந்த மடல்

தெற்கு ரயில்வே நிர்வாகத்தினருக்கு வணக்கம்.

நீலகிரி மலை ரயில் 2005-ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. அந்தப் பெருமையைப் பேசும்போதெல்லாம் நீராவி எஞ்சினையும், அதன் பற்சக்கரம் பற்றி ஏறுவதற்காகத் தண்டவாளங்களின் நடுவே பதித்த பல்சட்டத்தையுமே நாம் முன்னிறுத்துகிறோம். மலைச்சரிவை வெட்டி வழி அமைத்த மண்வேலையையும், அதைத் தாங்கும் கற்சுவர்களையும், மழைநீரைத் திருப்பிவிடும் வடிகால்களையும் அதே அளவு மதிக்க வேண்டும் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

மேட்டுப்பாளையத்தில் 326 மீட்டர் உயரத்தில் தொடங்கும் இப்பாதை, 46 கிலோமீட்டர் கடந்து உதகையில் 2,203 மீட்டரை எட்டுகிறது. கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையே ஏறத்தாழ 12.5 அடிக்கு ஓரடி ஏற்றம். 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் உதகை வரையும் வண்டி ஓடத் தொடங்கியதற்கு, பாறையையும் மண்ணையும் அங்குலம் அங்குலமாக வெட்டிய, பெயர் தெரியாத கூலித் தொழிலாளர்களின் உழைப்பே அடித்தளம்.

மழைக்காலப் பயணமொன்றில், எஞ்சினுக்குத் தண்ணீர் நிரப்ப வண்டி நின்றபோது, பாதையோரச் சுவர் ஒன்றை அருகில் நின்று பார்த்தேன். பாசி படிந்த கற்களுக்கு நடுவே விட்டிருந்த சிறு துளையிலிருந்து நீர் விரல் தடிமனில் வழிந்துகொண்டிருந்தது. சுவருக்குப் பின்னால் மண் குடித்த நீரெல்லாம் அந்த வழியாகத்தான் வெளியேற வேண்டும். துளை அடைபட்டால் நீரின் அழுத்தம் சுவரையே தள்ளும், பாதைக்காக மலையை வெட்டிய இடத்துக்கு, அதாவது வெட்டுக்கு, மேலுள்ள வடிகால் தூர்ந்தால் சரிவே ஊறி இறங்கும். வடகிழக்குப் பருவமழையில் மண்சரிவால் வண்டி நிற்பதை இங்குள்ளவர்கள் நன்கறிவார்கள்.

ஆகவே, ஒவ்வொரு வெட்டையும் சுவரையும் வடிகாலையும் எண்ணிட்டுப் பதிவுசெய்து, மழைக்கு முன் அவற்றின் நிலையைப் பொதுமக்கள் பார்க்கும்படி ஆண்டுதோறும் வெளியிடுங்கள். சரிந்த இடத்தைச் சீரமைக்கையில், இயன்றவரை பழைய கற்களையே மீண்டும் அடுக்கச் செய்யுங்கள். கான்கிரீட் தவிர்க்க முடியாத இடத்தில் நீர்வடியும் துளைகளைப் போதிய அளவு விடச் செய்யுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தச் சரிவு எந்த மழைக்கு முதலில் கசியும் என்பதைக் கால்நடையாகவே கற்றுக்கொண்ட, தண்டவாளத்தைப் பராமரிக்கும் ஊழியர்களான டிராக்மேன்கள் ஓய்வுபெறும் முன், அவர்களோடு பாதை நெடுக நடந்து, அவர்கள் சொல்வதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஐப்பசிக்கு முன்பே இப்பணி தொடங்க வேண்டும் என்று வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மலை ரயில் பயணி ஒருவர்