குழாய் சாவி கேட்டு பூங்காத் துறைக்கு ஒரு திறந்த மடல்

பூங்காத் துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

நாங்க யாருன்னு உங்களுக்குத் தெரியும். மூணு வருஷமா விடாம மனு குடுத்துட்டு இருக்குற அதே குடியிருப்போர் குழு தான், அதனால அறிமுகம் வேண்டாம். போன வாரம் நடந்ததும் உங்களுக்குத் தெரியும், ஆனா உங்க ஃபைல்ல அது "புல் வெட்டும் பணி முடிந்தது"ன்னு தான் ஏறியிருக்கும், அதனால நாங்க பார்த்ததையும் எழுதிடறேன்.

செவ்வாய்க்கிழமை காலைல உங்க கான்ட்ராக்டர் ஆளுங்க மெஷினோட வந்து வேலைய முடிச்சுட்டுப் போயிட்டாங்க. யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லல. சாயங்காலம் தண்ணி ஊத்தப் போனா 11 மரக்கன்னுல அடிப்பட்டை சுத்தி உரிஞ்சு கிடக்கு. நைலான் கயிறு சுத்துற மெஷின அடிமரத்தோட ஒட்டி ஓட்டினா அப்படித்தான் ஆகும். இலை தயாரிக்கிற சாப்பாடு வேருக்குப் போறதே பட்டையோட உள்பக்கமா தான், அது சுத்திவர போயிடுச்சுன்னா வேர் பட்டினி. ஆனா தண்ணி மேல ஏறுறது உள்கட்டை வழியாங்கறதால இலை மட்டும் கொஞ்ச நாளைக்கு பச்சையாவே நிக்கும். உங்க இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துட்டு "எல்லாம் நல்லாத்தானே இருக்கு"ன்னாரு. ஆமா சார், நல்லாத்தான் இருக்கு, இப்போதைக்கு.

மெஷின் ஓட்டினவர் மேல கோவம் இல்ல. ஒரு நாளைக்கு எத்தனை பூங்கா முடிக்கணும்னு மட்டும் தான் அவருக்குச் சொல்லியிருப்பாங்க. ஒவ்வொரு கன்னச் சுத்தியும் நாங்க சருகு பரப்பி ஒரு வட்டம் போட்டு வச்சிருந்தோம், தண்டுல ஒட்டாம நாலு விரல் தள்ளி. அங்க புல்லும் முளைக்காது, ஈரமும் நிக்கும், மெஷினுக்கும் கிட்ட வர வேலை இருக்காது. ரெண்டு மாசம் முன்னாடி அத "குப்பை"ன்னு கூட்டி அள்ளிட்டுப் போனது உங்க ஆளுங்க தான். அப்புறம் புல் தண்டு வரைக்கும் வந்துச்சு, புல்லத் தேடி மெஷினும் வந்துச்சு.

ஆனா இந்த மடல் அந்த 11 கன்னுக்காக மட்டும் இல்ல, குழாய்க்காக. கேட்டுக்குப் பக்கத்துல இருக்குற குழாய்ல வாஷர் தேஞ்சு தண்ணி ஒழுகிட்டு இருந்துச்சு. எங்க குழுவுல பிளம்பர் ஒருத்தர் இருக்காரு, நானே மாத்தித் தரேன்னு சொன்னாரு. நீங்க தண்ணி வீணாகுதுன்னு அதுக்கு மேல ஒரு இரும்புப் பெட்டி போட்டுப் பூட்டிட்டீங்க. ஒன்றரை வருஷம் ஆச்சு. பெட்டிக்குள்ள இன்னும் சொட்டிட்டுத் தான் இருக்கு, காத வச்சுக் கேட்டா கேக்கும்.

கணக்கு சொல்றேன். மொத்தம் 40 கன்னு. வெயில் காலத்துல கன்னுக்கு 15 லிட்டர், வாரத்துக்கு ரெண்டு தடவை. 1200 லிட்டர், அதாவது 1200 கிலோ, வாராவாரம் எங்க வீடுகள்ல இருந்து கேன்ல போகுது. நட்டு முதல் ரெண்டு மூணு வருஷம் தண்ணி இல்லைன்னா கன்னு வேர் பிடிக்காதுன்னு உங்களுக்கு நாங்க சொல்லணுமா. எங்கள்ல 71 வயசுப் பெரியவர் ஒருத்தர், பழைய சூட்கேஸ் சக்கரத்தக் கழட்டி பலகைல மாட்டி ரெண்டு 10 லிட்டர் கேன இழுத்துட்டு வருவாரு. வீடு மூணாவது மாடி. லிஃப்ட் ஓடாத அன்னைக்கும் படி இறங்கி வந்து நின்னாரு, ஏன் சார் இப்படின்னு கேட்டா "லிஃப்ட் ரிப்பேருன்னு கன்னுக்குத் தெரியுமா"ன்னு கேக்கறாரு. அவருக்கு என்ன பதில் சொல்றதுன்னு எங்களுக்குத் தெரியல, உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க.

சாவி கேட்டா "தனியாருக்குக் குடுக்க விதி இல்ல"ங்கறீங்க. கான்ட்ராக்டர் கிட்ட ஒரு சாவி இருக்கே, அவர் என்ன அரசாங்கமா?

ஜூன் 5 வந்தா மட்டும் நாங்க தனியார் இல்ல. உலக சுற்றுச்சூழல் தினம், 1973ல இருந்து உலகமே கொண்டாடுது, நீங்களும் வந்தீங்க, பேனர் கட்டினீங்க, எங்களப் பின்னாடி வரிசையா நிக்க வச்சு போட்டோ எடுத்தீங்க. அன்னைக்கு நீங்க நட்ட கன்னுல நர்சரி கவரக் கூட கழட்டல, மறுநாள் நாங்க தோண்டி எடுத்துக் கழட்டிட்டுத் திரும்ப நட்டோம். "சிறந்த தன்னார்வக் குழு"ன்னு ஃப்ரேம் போட்ட சான்றிதழ் வேற. நல்ல ஃப்ரேம் தான், ஆனா அதுல தண்ணி மொள்ள முடியாதே.

நியூயார்க் சென்ட்ரல் பார்க் 1970கள்ல பராமரிப்பு இல்லாம நாசமாப் போயிருந்துச்சு. 1980ல அதச் சீர்படுத்தன்னே ஒரு அமைப்பு உருவாச்சு, 1998ல அந்த நகர நிர்வாகம் அவங்களோட எழுத்துல ஒப்பந்தம் போட்டு 843 ஏக்கர் பராமரிப்பையும் குடுத்துச்சு. பூங்கா இன்னைக்கும் நகரத்தோட சொத்து தான், யாரும் சுருட்டிட்டுப் போயிடல. நாங்க 843 ஏக்கர் கேக்கல. ஒரு சாவி.

மன்னிச்சுக்கோங்க, கோவத்துல நியூயார்க் வரைக்கும் போயிட்டேன். இந்தத் தண்ணி முறை போட்டதுல தான் எதிர்வீட்டுக்காரங்க பேரே எங்கள்ல பாதிப் பேருக்குத் தெரிய வந்துச்சு, இருட்டினா காலியாக் கிடந்த இடத்துல இப்போ பிள்ளைங்க விளையாடுது, அதையும் நீங்க ஒரு தடவை சாயங்காலமா வந்து பார்க்கணும்.

தயவு பண்ணி குழாய் சாவி ஒண்ணு எங்க குழு பேர்ல எழுதிக் கையெழுத்து வாங்கிட்டுக் குடுங்க. வாஷர் எங்க செலவு. புல் வெட்ட ஆள் வரதுக்கு முந்தின நாள் ஒரு மெசேஜ் போட்டா போதும், நாங்களே வந்து கன்னுக்குப் பக்கத்துல நிக்கிறோம். முடிஞ்சா இந்த வாரமே சாவியக் குடுத்துடுங்க, ஏன்னா அடிபட்ட 11ல 4 கன்னு அந்தப் பெரியவர் வளர்த்தது. அவர்கிட்ட யாரும் இன்னும் சொல்லல. இலை பச்சையா இருக்கறதப் பார்த்துட்டு தினமும் கேன இழுத்துட்டு வந்து அதுக்கும் ஊத்திட்டு இருக்காரு.

இப்படிக்கு,
குடியிருப்போர் குழுவில் ஒருத்தர்