வடக்கிருந்தவர்களை நோயாளிகளாக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இலக்கியத்தில் மரணம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் ஒரு வரியைத் தாண்ட முடியவில்லை. வடக்கிருத்தலை, அதாவது வடக்கு நோக்கி உட்கார்ந்து உண்ணாமல் உயிர்விடுவதைப் போற்றிய தமிழ் மரபுக்குக் கருணைக்கொலை அந்நியமானதல்ல என்று கட்டுரையாளர் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். பள்ளியில் பல காலம் தமிழ் நடத்தியவள் நான். இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க மனம் வரவில்லை.

புறநானூறு உங்களுக்குத் தெரியாததல்ல. கோப்பெருஞ்சோழன் நோயில் விழுந்து வடக்கிருக்கவில்லை. பெற்ற மக்களே எதிர்த்து வந்த மானக்கேடு தாங்காமல் உட்கார்ந்தான். பெருஞ்சேரலாதன் வெண்ணிப் போரில் முதுகில் புண் பட்டதற்கு நாணி வடக்கிருந்தான். சிறையில் கிடந்த கணைக்கால் இரும்பொறை, காலம் தாழ்த்தி வந்த தண்ணீரைக் கையில் வாங்கியும் குடிக்காமல் மாண்டான் என்று பாட்டின் கீழ்க்குறிப்பு சொல்கிறது. மூவருக்கும் அது மானப் பிரச்சினை. மூவரும் தெளிந்த அறிவோடு தாங்களே முடிவெடுத்தார்கள். மருந்தில்லாமல் துடிக்கும் ஒரு கிழவிக்கும் இவர்களுக்கும் என்ன சம்பந்தம்?

இன்னொன்றையும் கட்டுரையாளர் விட்டுவிட்டார். சோழனோடு சேர்ந்து உயிர்விட அவன் நண்பரான புலவர் பொத்தியார் வந்து நின்றபோது அவன் சம்மதிக்கவில்லை. உன் மனைவிக்கு மகன் பிறந்த பிறகு வா என்று திருப்பி அனுப்பினான். சாகிறேன் என்று வந்தவனிடம், யாரை விட்டுவிட்டு வருகிறாய் என்று கேட்கிற பாட்டு அது. கருணைக்கொலையைப் பற்றிப் பேச வருகிறவர்கள் முதலில் மேற்கோள் காட்ட வேண்டிய இடம் அதுதான்.

டால்ஸ்டாயையும் அவர் விட்டுவைக்கவில்லை. 'இவான் இலியிச்சின் மரணம்' கதையில் நோயில் சாகும் இவான் கடைசி மூன்று நாள் கதறியதைச் சொல்லி, அந்த நாட்களை மருத்துவர் சுருக்கியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்கிறார். 1886இல் வந்த அந்தக் கதையை இன்னொரு முறை புரட்டிப் பார்க்கட்டும். இவானை மிகவும் வாட்டுவது, நீ சாகவில்லை, வெறும் நோய்தான் என்று சுற்றியிருப்பவர்கள் எல்லாரும் நடிக்கிற பொய். அந்த வீட்டில் பொய் சொல்லாதவன் வேலைக்காரன் கெராசிம் ஒருவன்தான். அவன் இரவெல்லாம் எஜமானரின் கால்களைத் தன் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அப்போது வலி குறைகிறது. என் கண்ணுக்கு அந்தக் கதையில் தெரிவது இதுதான்.

இதையெல்லாம் படித்து மட்டும் நான் எழுதவில்லை. என் அம்மாவுக்கு மார்பகப் புற்று முதுகெலும்புக்குப் பரவியிருந்தது. புரண்டு படுக்க முடியாது. பக்கத்துப் படுக்கைக்காரர் விழித்துவிடக் கூடாதென்று படுக்கை விரிப்பின் ஓரத்தைச் சுருட்டி வாயில் திணித்துக் கடித்துக்கொள்வார். "என்னை எப்படியாவது அனுப்பி வெச்சிடு" என்று என் கையைப் பிடித்துக் கேட்டிருக்கிறார். கடும் வலியைத் தணிக்கும் மார்ஃபினை வைத்திருக்க அந்த மருத்துவமனைக்கு உரிமம் இல்லையாம். பணியில் இருந்த மருத்துவர், கொடுத்தால் அது பழகிவிடும் என்றார். சாகக் கிடப்பவருக்கு எது பழகினால் என்ன?

அப்புறம் தெரிந்தவர்கள் மூலம் பாலியேட்டிவ் கேர் எனும் வலி தணிப்புச் சிகிச்சை மருத்துவர் ஒருவரைப் பிடித்தோம். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை மார்ஃபின் மாத்திரை. மலச்சிக்கல் வந்தது, அதற்கும் மருந்து கொடுத்தார். அம்மா தூங்கி எழுந்தார். முகம் கழுவிவிடச் சொன்னார். தலையைக்கூட ஒழுங்காக வாராமல் வந்து நிற்கிறாயே என்று என்னைத் திட்டினார். அனுப்பிவிடு என்ற பேச்சு அதன்பிறகு அவர் வாயில் வரவே இல்லை. அவர் நோயில்தான் போனார், ஆனால் துணியைக் கடித்துக்கொண்டு போகவில்லை. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தால் இந்த மருந்தை வாங்கி வைப்பதே பெரும்பாடாக இருந்தது. 2014 திருத்தத்துக்குப் பிறகு ஒரே உரிமம் போதும். அதைக்கூட எடுக்காத மருத்துவமனைகள் இருக்கிற நாட்டில், சாகும் உரிமையைப் பற்றி மட்டும் நாம் வாய் வலிக்கப் பேசுகிறோம்.

உங்கள் மீது எனக்குப் பழைய வருத்தமும் உண்டு. படுக்கையில் கிடக்கும் தாயை மகனே தலையணையால் அழுத்திக் கொல்லும் சிறுகதைக்குப் பரிசு கொடுத்து, அது விடுதலை பற்றிய கதை என்று குறிப்பும் போட்டீர்கள். அந்தத் தாய் கதையில் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவும் இல்லை. தென்மாவட்டங்களில் தலைக்கூத்தல் என்ற பெயரில், எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி முதியவர்களைச் சாகவிட்டதையும் செய்தவர்கள் கருணை என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். இதைக் குறிப்பிட்டு அப்போதே உங்களுக்கு எழுதினேன். கடிதம் வந்து சேர்ந்ததா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. இடம் இல்லாமல் இருந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

தாக்கப்பட்டு நினைவிழந்து பல்லாண்டு படுக்கையில் கிடந்த செவிலியர் அருணா ஷான்பாக்கின் வழக்கை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அவருக்கு உணவூட்டுவதை நிறுத்தி இறக்கவிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர் அவரைப் பற்றிப் புத்தகம் எழுதிய பத்திரிகையாளர் பிங்கி விரானி. கூடாது என்று எதிர்த்தவர்கள், 1973இலிருந்து தலைமுறை தலைமுறையாக அவருக்குச் சோறூட்டி, உடம்பு துடைத்துவிட்ட மும்பை கெம் மருத்துவமனைச் செவிலியர்கள். 2011இல் நீதிமன்றம் செவிலியர்கள் பக்கம்தான் நின்றது. ஆனாலும் மீள வழியில்லாதவர்களுக்குச் சிகிச்சையை நிறுத்தலாம் என்ற கதவு அதே தீர்ப்பில்தான் திறந்தது. விரானிக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம், மறுக்கவில்லை. எழுதுகிறவர்கள் கேள்வி கேட்கட்டும். பதிலைப் படுக்கையருகே இருப்பவர்களிடமும், முடிந்தால் படுத்திருப்பவரிடமும் கேட்டு எழுதட்டும்.

வலி தணிந்த பிறகும் போதும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நெதர்லாந்தும் பெல்ஜியமும் 2002இலும், கனடா 2016இலும் அவர்களுக்கு வழி விட்டன. நம் நாட்டில் ஊசி போட்டு உயிரை எடுப்பது இன்றும் குற்றம். சிகிச்சையை நிறுத்தி நோயின் போக்கில் விடுவது, நிபந்தனைகளோடு, சட்டப்படி சரி. உங்கள் கட்டுரை இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிட்டது. இதைப் படிக்கும் ஒரு மகன், வென்டிலேட்டரை எடுக்கச் சம்மதித்தால் தான் கொலைகாரன் என்று நினைத்துக்கொள்வான்.

அந்தப் பயத்தை எங்கள் வீட்டில் பார்த்தவள் நான். என் கணவர், குழாய் எதுவும் போடக்கூடாது என்று எத்தனையோ முறை சொல்லி, டைரியிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார். இப்படி முன்கூட்டியே எழுதி வைப்பதை உச்ச நீதிமன்றம் ஏற்ற 2018 தீர்ப்பு வந்த பிறகு நடந்தது இது. டைரியை நீட்டியபோது, சட்டத்தில் அப்படி எதுவுமே கிடையாது என்று மருத்துவமனை நிர்வாகி என்னிடம் சொன்னார். என் மைத்துனர்கள், நான் அவரைக் கைவிடப் பார்க்கிறேன் என்றார்கள். அவர் வேண்டாம் என்ற அத்தனை குழாய்களோடும்தான் போய்ச் சேர்ந்தார்.

டைரி போதாது என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் ஒழுங்காக எழுதி வைத்திருப்போம். எனவே என் வேண்டுகோள் இவ்வளவுதான். அடுத்த இதழில் ஒரே ஒரு பக்கம் ஒதுக்கி, லிவிங் வில், அதாவது கடைசிக் காலத்தில் என்ன சிகிச்சை வேண்டாம் என்று முன்பே எழுதி வைக்கும் ஆவணம், எழுதுவது எப்படி என்று போடுங்கள். முன்பு மாஜிஸ்திரேட் முன்னால் கையெழுத்தாக வேண்டும் என்றிருந்ததை 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தளர்த்திவிட்டது. இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்துப் போட்டு, நோட்டரியிடமோ கெஜட்டட் அதிகாரியிடமோ சான்று வாங்கினால் போதும். நமக்காக முடிவு சொல்ல வேண்டியவர்களின் பெயரையும் அதில் எழுதலாம். நேரம் வரும்போது மருத்துவமனையின் மருத்துவர் குழு ஒன்றும், இரண்டாவது குழு ஒன்றும் பார்த்து ஒப்ப வேண்டும். அவர்கள் 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்வது நல்லது என்றும் அதில் இருக்கிறது. இவற்றை வழக்கறிஞர் ஒருவரிடம் சரிபார்த்து, மாதிரிப் படிவத்தோடு வெளியிடுங்கள்.

கோப்பெருஞ்சோழன் பற்றிய திருத்தத்தையும் அதே பக்கத்தின் கீழே போட முடிந்தால் நல்லது. இடமில்லை என்றால் படிவம் மட்டுமாவது வரட்டும். மைத்துனர்கள் உங்கள் இதழின் வாசகர்கள் என்பதால் என் பெயரைப் போட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழாசிரியை