தோழிக்கு: மூன்று லிட்டரின் கணக்கு

அன்புள்ள தோழிக்கு,

நீ நர்சிங் டியூட்டர் ஆகிவிட்டாய் என்று படித்ததும் வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். இத்தனை வருடம் வார்டில் நின்றவள் வகுப்புக்குப் போகிறாய், அந்தப் பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள்டி. முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறி வகுப்பெடுக்கச் சொன்னால் கீழ்த்தளம் வேண்டும் என்று தயங்காமல் கேள். இங்கே சேலத்தில் பங்குனியிலேயே அனல் அடிக்கிறது. என் மாமியார் எங்களை ஒரு வாரம் பயமுறுத்திவிட்டார், இப்போது நன்றாக இருக்கிறார். நீ கேட்ட கேள்விக்கும் அதற்கும் தொடர்பு உண்டு, கீழே எழுதுகிறேன்.

நீர், உப்பு, அமில-காரச் சமநிலைப் பாடத்தை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டிருந்தாய். நான் முதல் நாள் நார்மல் வேல்யூ எதையும் போர்டில் எழுதுவதில்லை. சோடியம் 135 முதல் 145, பொட்டாசியம் 3.5 முதல் 5 என்பதையெல்லாம் அவர்களே மனப்பாடம் செய்துகொள்வார்கள், பரீட்சைப் பயம் போதும். தண்ணீர் உடம்பில் எங்கெங்கே இருக்கிறது என்பதுதான் என் முதல் வகுப்பு. 60 கிலோ எடையுள்ள ஒரு ஆண் என்று வைத்துக்கொள், ஏறக்குறைய 36 லிட்டர் தண்ணீர். அதில் 24 லிட்டர் செல்களுக்குள். மீதி 12-இல் 9 லிட்டர் திசுக்களின் இடைவெளியில், ரத்தக்குழாய்க்குள் பிளாஸ்மாவாக ஓடுவது 3 லிட்டர் மட்டும். நாம் ட்யூபில் எடுத்து லேபுக்கு அனுப்புவது அந்த 3 லிட்டரிலிருந்து சில மில்லி. வருகிற ரிப்போர்ட் அந்த 3 லிட்டரைப் பற்றியது, மீதி 33 லிட்டரைப் பற்றி அது நேரடியாக எதுவும் சொல்லாது. இது ஒன்று பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டால், பாடம் முழுக்க இதே நூலைப் பிடித்துக்கொண்டு போகலாம் என்பது என் நம்பிக்கை.

மாமியார் கதைக்கு வருகிறேன். வயது எண்பதை நெருங்குகிறது, பிரஷருக்குத் தயசைடு மாத்திரை, சிறுநீரோடு உப்பை வெளியேற்றுகிற வகை. வெயிலுக்குப் பயந்து செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தார், சாப்பாடு மட்டும் ஒரு கரண்டி ரசம் சாதம். பிறகு பகலெல்லாம் தூக்கம், பேத்தியைப் பார்த்து “இது யாரு?” என்று கேட்டார். சோடியம் 116. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் உப்பு குறைந்துவிட்டது, ஊறுகாய் கொடு, உப்புப் போட்டுக் கஞ்சி கொடு என்றார்கள். உண்மையில் அவருக்குத் தண்ணீர்தான் அதிகம். அந்த மாத்திரை சிறுநீரை நீர்க்கவிடாது, சாப்பாடு குறைந்தால் சிறுநீரில் தண்ணீரை இழுத்துக்கொண்டு வெளியேற உப்பு, யூரியா போன்ற கரைபொருளும் குறையும், குடித்த தண்ணீர் உள்ளேயே தங்கிச் சோடியத்தை நீர்த்துவிடும். அப்புறம் தண்ணீர் செல்களுக்குள் நுழைகிறது. மற்ற இடமென்றால் வீங்க இடமுண்டு, மண்டையோட்டுக்குள் மூளைக்கு ஏது இடம்? அதனால்தான் அந்தக் குழப்பமும் தூக்கமும்.

மாத்திரையை நிறுத்தினார்கள், தண்ணீரை அளந்து கொடுத்தார்கள், சோடியத்தை மெதுவாகத்தான் ஏற்றினார்கள். என் நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை, ஒரே நாளில் சரி செய்தால் என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வலிப்பு வந்திருந்தால் 3 சதவீத சலைன் என்ற அடர்த்தியான உப்புநீரைக் கொஞ்சம் வேகமாகப் போட்டிருப்பார்கள். இவருக்கோ நாள்கணக்கில் மெல்லக் குறைந்த சோடியம். அதற்குள் மூளைச் செல்கள் தங்களிடமுள்ள கரைபொருளை வெளியேற்றி அந்த நிலைக்குப் பழகிவிட்டன. இப்போது வெளியே சோடியம் சட்டென்று ஏறினால் செல்லிலிருந்து தண்ணீர் உறிஞ்சப்பட்டு நரம்புறை சிதையும், கை கால் விழலாம், பேச்சு போகலாம். 24 மணி நேரத்தில் சோடியம் 8-க்கு மேல் ஏறாமல் பார்ப்பது பாதுகாப்பு. இதில் நர்ஸின் கண்தான் முக்கியம். மாத்திரையை நிறுத்திய பிறகு சில சமயம் சிறுநீர் திடீரெனக் கொட்டும், கூடவே சோடியமும் எகிறும். அடுத்த ரிப்போர்ட் வருவதற்குள் யூரின் பையைப் பார்த்தே அதைக் கண்டுபிடித்துவிடலாம். உள்ளே போன, வெளியே வந்த நீரைக் குறிக்கும் இன்டேக்-அவுட்புட் சார்ட்டை ஷிப்ட் முடியும்போது குத்துமதிப்பாக நிரப்பும் பழக்கத்தை முதல் வருடத்திலேயே விடவைத்துவிடு, தயவுசெய்து. தினமும் ஒரே நேரத்தில் எடை பார்க்கவும் சொல். இரண்டு நாளில் ஒரு கிலோ கூடினால் அது சதை இல்லை, ஒரு லிட்டர் தண்ணீர்.

பொட்டாசியத்துக்கும் இதே கதைதான், இன்னும் கடுமையாக. உடம்பின் பொட்டாசியத்தில் 98 சதவீதம் செல்களுக்குள் இருக்கிறது. டயபடிக் கீட்டோஅசிடோசிஸில், அதாவது சர்க்கரை நோயில் இன்சுலின் போதாமல் ரத்தத்தில் அமிலம் கூடிப்போய், வருகிறவருக்கு ரிப்போர்ட் 5.2 காட்டும், பிள்ளைகள் அதிகம் என்பார்கள். உண்மையில் பொட்டாசியம் சிறுநீரில் நாள்கணக்காகப் போய் உடம்பில் வற்றியிருக்கும், இன்சுலின் குறைவால் மிச்சமிருப்பதும் செல்லை விட்டு வெளியே வந்து நிற்பதால்தான் அந்த எண். இன்சுலின் போட்டதும் உள்ளே ஓடிவிடும், இதயத் துடிப்பு தடுமாறும். ஆரம்பத்திலேயே ரொம்பக் குறைவாக இருந்தால் முதலில் பொட்டாசியம், பிறகுதான் இன்சுலின். பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூல் 10 மில்லியில் 20 மில்லி ஈக்விவலென்ட் இருக்கிறது, அதை நேராக ரத்தக்குழாயில் தள்ளினால் இதயம் நின்றுவிடும். எப்போதும் நீர்த்து, பாட்டிலை நன்றாகக் குலுக்கி, மெதுவாக. இதை ஒவ்வொரு வகுப்பிலும் எழுந்து நின்று சொல்லவைக்கிறேன்.

அமில-காரத்தில் ஏபிஜி, அதாவது தமனி ரத்தத்தின் வாயு, அமில அளவுப் பரிசோதனையின் கணக்கு போடும் வழியை எல்லாரும் கற்றுக்கொடுக்கிறார்கள், நீயும் சொல்லிக்கொடுத்துவிடுவாய். வயிற்றுப்போக்கில் பைகார்பனேட் போகும், அமிலம் கூடும், வாந்தியில் அமிலம் போகும், காரம் கூடும், இது சுலபம். நான் நேரம் செலவழிப்பது ஆஸ்துமா நோயாளியிடம். மூச்சு வாங்க வாங்க ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு 35-க்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். கடும் இழுப்போடு இருப்பவருக்கு 40 என்று வந்தால் புத்தகப்படி நார்மல், ஆனால் அவர் களைத்துவிட்டார், வென்டிலேட்டரைத் தயார் செய்ய வேண்டிய நேரம் அது. பக்கத்தில் நின்று அவர் முழு வாக்கியம் பேசுகிறாரா, கழுத்துத் தசைகள் இழுக்கின்றனவா என்று பார்க்கிற பிள்ளைக்கு அந்த 40 ஏமாற்றாது.

அப்புறம் ஓஆர்எஸ், வயிற்றுப்போக்குக்குக் குடிக்கக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல். மருத்துவர் திலீப் மஹலனாபிஸைப் பற்றிக் கட்டாயம் சொல். 1971-இல் மேற்கு வங்கத்தின் பன்காவ்ன் ஊரில், வங்கதேச அகதிகள் முகாமில், காலரா. டிரிப்ஸ் தீர்ந்துகொண்டிருந்தது. உப்பும் சர்க்கரையும் சோடாவும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார், கொடுத்தது பெரும்பாலும் நோயாளிகளின் சொந்தக்காரர்களே. நூற்றுக்கு 30 பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் அது 4-க்கும் கீழே வந்தது. குடலில் குளுக்கோஸ் நுழையும்போது சோடியத்தையும் கூட்டிக்கொண்டு போகும், தண்ணீர் பின்னாலேயே வரும், அவ்வளவுதான் சூட்சுமம். சர்க்கரை அதிகமானால் தண்ணீர் குடலுக்குள் இழுக்கப்பட்டுப் போக்கு கூடும், அதனால்தான் ஒரு லிட்டர் பாக்கெட்டை அரை டம்ளரில் கலக்கக் கூடாது. இங்கே வெயிலுக்கு எல்லாரும் இளநீரைத்தான் நம்புகிறார்கள். அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வியர்த்துக் கொட்டினவருக்கு இளநீரோடு ஒரு மோரும் உப்பும் வேண்டும், டயாலிசிஸ் நோயாளிக்கோ இளநீர் ஆபத்து. டிஸ்சார்ஜ் அன்று இதைச் சொல்லி அனுப்பும் வழக்கம் பல வார்டுகளில் இல்லை, உன் பிள்ளைகளிடமிருந்தாவது ஆரம்பிக்கட்டும்.

மே மாதக் கோடை விழா வந்தால் ஏற்காட்டில் நிற்க இடமிருக்காது, அதற்கு முன்பே ஒரு சனி ஞாயிறு வா, இருவரும் மேலே போய் வரலாம். வரும்போது பெயர், ஐபி நம்பர் (உள்நோயாளி எண்) எல்லாம் மறைத்துச் சில பழைய ஏபிஜி ரிப்போர்ட் எடுத்து வா, என்னிடமும் சில இருக்கின்றன, கேஸ் ஷீட்டோடு சேர்த்து உன் வகுப்புக்குக் கேள்விகள் தயாரித்துவிடுவோம். எந்த வாரம் தோதுப்படும் என்று எழுது, மாமியாரும் உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அன்புடன்,
உன் பழைய ஹாஸ்டல் தோழி,
சேலம்