சோல் பிரிந்த ஷூவுக்கு எந்தப் பசை?

ஆம்பூர்

அன்புள்ள ராஜு,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. மூட்டு ஆபரேஷனுக்கு அப்புறம் கைத்தடி இல்லாமல் தெருமுனை வரை நடக்கிறாய் என்று படித்ததும் மனசு லேசாயிற்று. அந்த வரியை விஜயாவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். இங்கே எல்லாரும் சுகம். அவளுக்குச் சர்க்கரை இப்போது கட்டுக்குள் இருக்கிறது. பெரியவள் பிள்ளைகளோடு பொங்கலுக்கு வருகிறாள்.

சரி, ஷூ விஷயம். முன்பக்கம் வாயைப் பிளந்துவிட்டது, எந்தப் பசை வாங்கட்டும் என்று கேட்டிருக்கிறாய். 26 வருஷம் சோல் ஒட்டும் பகுதியில் நின்றவனிடம் கேட்டுவிட்டாய், ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு வராது. கடைக்குப் போவதற்கு முன்னால் அந்த சோல் எதனால் ஆனது என்று பார். பசையைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

கட்டைவிரல் நகத்தால் சோலின் ஓரத்தை அழுத்து. பிண்ணாக்கு மாதிரி உதிர்ந்தால் அது ஆயுள் முடிந்த பி.யு. சோல், அதாவது பாலியூரித்தேன் என்கிற நுரை பிளாஸ்டிக்கில் செய்தது. காற்றில் இருக்கிற ஈரமே அந்த நுரையை உள்ளுக்குள் இற்றுப்போக வைத்துவிடும். போடாமல் பெட்டியில் பத்திரமாக வைத்த ஷூகூட நாலைந்து வருஷத்தில் இப்படி ஆவதுண்டு. அதற்கு எந்தப் பசையும் உதவாது. பசை பிடித்துக்கொண்டாலும் அதற்கு அடுத்த அடுக்கு கையோடு வந்துவிடும். அப்படி இருந்தால் மனசைக் கல்லாக்கிக்கொண்டு தூக்கிப் போட்டுவிடு.

உதிரவில்லையா, உப்புத்தாளால் கொஞ்சம் தேய்த்துப் பார். பொடியாக வந்தால் ரப்பர். இழுபட்டுத் திரிதிரியாக வந்தால் பி.வி.சி. மாதிரியான பிளாஸ்டிக் வகை. ரப்பர், தோல், கான்வாஸ் இதற்கெல்லாம் செருப்பு தைக்கிறவர் டப்பாவிலிருந்து தடவுகிற அந்த மஞ்சள் சொல்யூஷன் போதும். ஃபெவிபாண்ட், ஃபெவிகால் எஸ்.ஆர். 998 எல்லாம் அந்தச் செயற்கை ரப்பர் பசை ஜாதிதான். பி.வி.சி. சோலுக்கு அது நிற்காது. அந்த பிளாஸ்டிக்கை வளையவைக்கச் சேர்க்கிற எண்ணெய் மெல்லக் கசிந்து பசையை இளக்கிவிடும். ஒரு மாசம் நன்றாக இருக்கும், அப்புறம் உரிந்து வரும். அதற்கு பி.யு. பசைதான் சரி, தோல் சாமான் விற்கிற கடையில் கேள். எங்கள் கம்பெனியில் இரண்டுக்கும் தனித்தனி டின், தனித்தனி பிரஷ்.

சூப்பர் குளூ மட்டும் வேண்டவே வேண்டாம் ராஜு. போன வருஷம் விஜயாவின் எம்.சி.ஆர். செருப்பில், சர்க்கரைக்காரர்கள் போடுகிற மெத்தென்ற ரப்பர் செருப்பு அது, அடி அட்டை பிரிந்தது. காலையில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிற அவசரம், எல்லாம் தெரிந்த நானே நாலு சொட்டு விட்டு ஒட்டினேன். அது காய்ந்தால் கண்ணாடி மாதிரி இறுகும், சோலோ அடிக்கு அடி மடங்கும். மூன்றாம் நாள் ஒட்டு விரிந்து, இறுகிய விளிம்பு மேலே துருத்திக்கொண்டு அவள் பாதத்தைக் கீறியிருக்கிறது. சர்க்கரைக் காலில் உணர்ச்சி இல்லை, அவளுக்குத் தெரியவே இல்லை. தரையில் சிவப்பாகத் தடம் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. அந்தப் புண் ஆற ஆறு வாரம் ஆயிற்று. இன்றைக்கும் செருப்பைக் கையில் எடுத்தால் உள்பக்கம் விரலை விட்டுத் தடவிப் பார்க்காமல் அவளிடம் கொடுப்பதில்லை.

இனி ஒட்டுகிற விதம். பழைய பசையை முழுக்கச் சுரண்டி எடு. இரண்டு பக்கமும் பளபளப்பு போகிற வரை 80 நம்பர் உப்புத்தாளால் தேய்த்துத் தூசியைத் துடை. இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவு. தோல் முதல் பூச்சைக் குடித்துவிடும், அதற்கு மட்டும் இரண்டாவது தடவை. அப்புறம் பத்துப் பதினைந்து நிமிஷம் சும்மா விடு. எல்லாரும் கோட்டை விடுகிற இடம் இதுதான், ஈரத்தோடு ஒட்டிவிடுகிறார்கள். புறங்கையால் தொட்டால் ஒட்டாமல், நூல் இழுக்காமல் இருக்க வேண்டும். ஒட்டும்போது முதலில் ஷூவின் முன்முனையைச் சரிபார்த்து வை. இந்தப் பசையில் ஒருமுறை பட்டால் நகர்த்த முடியாது. எவ்வளவு நேரம் அழுத்துகிறாய் என்பதைவிட எவ்வளவு பலமாக அழுத்துகிறாய் என்பதில்தான் பிடிப்பு இருக்கிறது. ஃபேக்டரியில் ஷூவுக்குள் லாஸ்ட் என்கிற கால் வடிவ அச்சு இருக்கும், அதன்மேல் மிஷின் அழுத்தும். நீ உள்ளே பழைய துணியை இறுகத் திணித்து, சுத்தியலால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தட்டிக்கொண்டு போ. பிறகு பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி இழுத்துச் சுற்று. ஒரு முழு நாள் காலில் போடாதே.

மழை நாளில் செய்யாதே. பசை உலரும்போது மேல்பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் அதில் படியும், பிடிப்பு போய்விடும். கதவு ஜன்னலைத் திறந்து வை. அடுப்பு, ஊதுபத்தி எதுவும் பக்கத்தில் எரியக் கூடாது, அந்த ஆவி சட்டென்று பற்றும். மூச்சுக்கும் நல்லதில்லை. ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும்போது தலை கனத்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

இன்னொன்று. குதிகாலில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து சாய்ந்திருந்தால், அதை ஒட்டிப் போட்டுக்கொண்டு நடக்காதே. புது மூட்டு வைத்த காலுக்கு அந்தச் சாய்வு ஆகாது. ஷூவைச் சமதரையில் வைத்துப் பின்னாலிருந்து பார், தெரிந்துவிடும். சாய்வு இருந்தால் புதுசு வாங்கு. காசுக்கு யோசிக்காதே.

நகத்தால் அழுத்திப் பார்த்து என்ன ஆயிற்று என்று எழுது. பி.வி.சி. என்றால் பசை தேடி அலையாதே, இங்கே வாங்கிப் பெரியவளிடம் கொடுத்து அனுப்புகிறேன். அவள் திரும்பும்போது உன் ஊர் வழியாகத்தான் போகிறாள்.

உன்
சேகர்