மாணவிகளை மேற்பார்வை செய்யப்போகும் மகனுக்கு

திருகோணமலை

அன்பு மகனுக்கு,

உன்னுடைய பொருளியல் ஆய்வு மாணவிகள் இருவரும் கிண்ணியா, மூதூர்ப் பக்கம் கள ஆய்வுக்கு வருகிறார்கள் என்றும், அவர்களுக்கு உன்னால் ஆனதெல்லாம் செய்வாய் என்றும் எழுதியிருந்தாய். நல்ல மனம் இருந்தால் மட்டும் காணாது, மகன். கட்டுரையில் யாருடைய பெயர், எந்த வேலை யாருக்கு, காசு எதற்கு என்பதையெல்லாம் வேலை தொடங்க முன்னமே எழுத்தில் வை.

முதலில் பெயர். பொருளியலில் கட்டுரை எழுதியவர்களின் பெயர்களை அகரவரிசையில் போடுவதுதான் வழமை. யார் எவ்வளவு செய்தார் என்பது வாசிப்பவருக்குத் தெரியாது, தானே ஊகித்துக்கொள்வார். அந்த ஊகம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஹெதர் சார்சன்ஸ் என்ற பொருளியலாளர் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் நிரந்தர நியமனங்களை வைத்து 2017இல் காட்டினார். தனியாக எழுதிய கட்டுரைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மதிப்புத்தான். ஆண்களோடு சேர்ந்து எழுதியதில் பெண்ணின் பங்குக்குக் கிடைக்கும் மதிப்பு வெகுவாகக் குறைகிறது. ஆகவே வேலைக்கு விண்ணப்பிக்கும்போது முன்வைக்கிற கட்டுரை அந்தப் பிள்ளையின் பெயரில் மட்டும் வரட்டும். நீ திருத்திக் கொடுத்ததற்கு நன்றிக்குறிப்பில் ஒரு வரி போதும்.

வினாக்கொத்திலும் இதே கவனம் வேணும். "வேலை செய்கிறீர்களா?" என்று மொட்டையாகக் கேட்டால், காலையில் இருந்து கருவாடு காயவைக்கும் பெண்ணும் "இல்லை, வீட்டிலைதான் இருக்கிறன்" என்பார். கடந்த 7 நாட்களில் ஒரு மணித்தியாலமாவது கருவாடு போட்டீர்களா, வலையிலிருந்து மீன் கழற்றினீர்களா, தோட்டத்தில் களை பிடுங்கினீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேணும். 30 வீட்டில் முன்னோட்டம் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். இப்படி ஒரு திருத்தத்தை மாணவி களத்தில் கண்டுபிடித்தால், அதிலிருந்து அளவீடு பற்றிய தனிக் கட்டுரையே வரலாம், அது அவருடையது. கூட்டத்தில் அவர் சொன்னதைத் திகதியோடு எழுதி அன்றைக்கே எல்லோருக்கும் அனுப்பிவிடு. ஆறு மாதம் போனால் "நாங்கள் எல்லோரும் சேர்ந்து யோசித்தது" என்று ஆகிவிடும்.

வான் வாடகை, உள்ளூர்ப் பெண் உதவியாளர் ஒருவர், கழிப்பறை வசதியுள்ள தங்குமிடம், குழந்தை இருந்தால் பார்ப்பவருக்கான செலவு, எல்லாவற்றையும் நிதி விண்ணப்பத்திலேயே போடு. பிறகு உன் தயவில் கொடுப்பதாக வைக்காதே. காசு இல்லாவிட்டால் பஸ் போகும் ஊர்கள் மட்டும் மாதிரியில் விழும். அல்லது களத்துக்கு ஒரு பெடியனை அனுப்புவீர்கள், களம் தெரிந்தவர் என்ற பெயரும் அவனுக்கே போய்விடும்.

ஆய்வுக் குழுவில் குறிப்பெடுப்பது, கருத்தரங்குக்கு அறை பிடிப்பது, புதியவர்களுக்கு மென்பொருள் காட்டிக்கொடுப்பது போன்ற வேலைகள் பதவி உயர்வுக்கு உதவாதவை. "யார் செய்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்காதே. பொருளியலாளர் லிண்டா பாப்காக்கும் சக ஆய்வாளர்களும் 2017இல் வெளியிட்ட பரிசோதனைகளில், ஆணும் பெண்ணும் கலந்த குழுக்களில் பெண்களே கூடுதலாக முன்வந்தார்கள். தனி ஆண்கள் குழுவிலும் தனிப் பெண்கள் குழுவிலும் அந்த வித்தியாசம் இல்லை. இயல்பிலேயே பெண்கள் பொறுப்பானவர்கள் என்ற கதை அங்கே அடிபட்டுப் போகிறது. மற்றவர் செய்வார் என்று எதிர்பார்க்கிறவர் பேசாமல் இருக்கிறார், அவ்வளவுதான். கரையில் நின்று இழுக்கும் கரைவலைக்கு முறை வைப்பதுபோல இந்த வேலைகளுக்கும் முறை வை. ஆனால் முறைக்குக் காவலும் வேணும். எங்கள் நாட்டின் தென்கரையில் மாவெல்ல என்ற மீனவக் கிராமத்தில் நடந்ததை எலினோர் ஒஸ்ட்ரம் 1990இல் எடுத்துக்காட்டினாரே: வலை வீச முறை இருந்தது, புது வலைகளைத் தடுக்கும் விதியை நடைமுறைப்படுத்த ஆளில்லை, வலைகள் பெருகி வருமானம் கரைந்தது. (பொருளியல் நோபலைப் பெற்ற முதல் பெண் அவர்தான், 2009இல்.)

பரிந்துரைக் கடிதத்தில் "கடின உழைப்பாளி, எல்லோரோடும் அன்பாகப் பழகுவார்" என்று எழுதி ஒரு பிள்ளையின் வாய்ப்பைக் கெடுக்காதே. முதல் பந்தியிலேயே அவர் கண்ட முடிவு, கையாண்ட முறை, அது யாருடைய கருத்தை மாற்றுகிறது என்பதை எழுது. இரண்டு மாணவர்களுக்கு எழுதும்போது கடிதங்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்.

உங்கள் துறையில் பிள்ளை பிறந்தால் தாய்க்கும் தகப்பனுக்கும் நிரந்தர நியமனத்துக்கு முன்னான காலக்கெடுவை ஒரேயளவாக நீட்டலாம் என்று பேச்சு வந்தால் அவசரப்பட்டுக் கை தூக்காதே. அமெரிக்காவின் முன்னணிப் பொருளியல் துறைகளில் அப்படிச் செய்த பிறகு ஆண்களுக்கு நிரந்தர நியமனம் கூடியது, பெண்களுக்குக் குறைந்தது என்று 2018இல் வந்த ஆய்வு சொல்கிறது. கூடக் கிடைத்த காலத்தில் ஆண்கள் முன்னணி ஆய்விதழ்களில் கூடுதலாக வெளியிட்டார்கள். பெண்களிடம் அது காணப்படவில்லை.

பலன் தந்த ஒன்றும் இருக்கிறது. அமெரிக்கப் பொருளியல் சங்கத்தின் பெண்கள் குழு 2004இல் தொடங்கிய பயிற்சிப் பட்டறைக்குக் குலுக்கல் முறையில்தான் ஆள் எடுத்தார்கள். அதனால் விளைவை நேர்மையாக அளக்க முடிந்தது: இடம் கிடைத்தவர்களுக்கு, கிடைக்காதவர்களைவிட, 5 ஆண்டில் சராசரியாக 3 கட்டுரைகள் கூடுதல். பட்டறையின் முறை இதுதான்: ஒரே துறைப் பிரிவைச் சேர்ந்த சிலர், ஓரிரு மூத்தவர்கள், ஒவ்வொருவரும் கொண்டுவரும் கட்டுரையை மற்ற எல்லோரும் முழுதாக வாசித்துவிட்டு வருவது. உன் பல்கலைக்கழகத்தில் இரண்டு நாள் ஒதுக்கினால் செய்யலாம்.

மாணவிகளை மார்ச், ஏப்ரலில் அனுப்பு. நவம்பர் முதல் ஜனவரி வரை மழை, மே வந்தால் நிலாவெளியில் சுற்றுலாக்காரர் நிறைந்து வாடகை ஏறிவிடும். நோன்பு மாதத்தையும் சித்திரைப் புத்தாண்டு வாரத்தையும் தவிர்த்து, திகதியை எனக்கு நேரத்தோடு அறிவி. வானுக்குச் சொல்லி வைக்க வேணும்.

அன்புடன்,
அம்மா